மரச்சீனி விளையில் கோல்ஃப்

முதல் அடியில் பந்து நகரவே இல்லை.

வைத்த இடத்திலேயே வெள்ளையாக இருந்தது. மட்டைதான் என் கையில் இல்லை. அது பறந்து, மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிப் போட்டிருந்த மேட்டைத் தாண்டி, ஒரு வாழையின் அடிமூட்டில் சொருகி நின்றது.

காலை ஆறு மணி இருக்கும். நெய்யூருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள நாற்பது சென்ட் விளை. நைட்டிக்கு மேல் தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கிறேன். வயது ஐம்பத்தைந்து.

மதிலுக்கு மேல் ரோஸ்லெட் மைனியின் தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட வந்து பார்ப்பாள்.

"லில்லி, என்னத்த அடிச்ச? பாம்பா?"

"இல்ல மைனி. பந்து."

"பந்து அங்கதான கெடக்கு."

என் வீட்டுக்காரர் எட்வின் போய் மட்டையைப் பிடுங்கி, கைலி முந்தியில் துடைத்துக் கொண்டுவந்தார்.

"முறுக்கிப் பிடிக்காத. விட்டும் போடாத."

"ரெண்டையும் ஒண்ணா எப்பிடிச் செய்ய?"

"எனக்குத் தெரியாது. அடிக்கவங்க அப்படித்தான் செய்வாவ."

கோல்ஃப் சொல்லிக்கொடுக்க வந்தவருக்கும் கோல்ஃப் அடிக்கத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரே வீட்டில் இரண்டு பேர்

எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம் அவர் வளைகுடாவுக்குப் போனார். ஏதோ ஒரு கிளப்பில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு; வந்தால் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் நாற்பது நாள். இப்படி இருபத்தெட்டு வருஷம். எல்லா லீவையும் சேர்த்துக் கூட்டினாலும் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டு வருஷத்துக்கு வராது.

அந்த இரண்டு வருஷத்திலும் பாதி, விருந்துக்குப் போவதிலும் வருகிறவர்களுக்கு சாயா போடுவதிலும் போனது.

நான் ஓர் ஆசுபத்திரி லேபில் வேலை பார்த்தேன். லேப் நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே இரண்டு வாரம் எழுதியாயிற்று. பெண்ணைப் படிக்க வைத்தது, அவளுக்குக் கல்யாணம் முடித்தது, கிணற்றில் மோட்டார் வைத்தது, மேல் மாடி எடுத்தது எல்லாம் நான்தான். அவர் போனில் "செரி, செரி" என்பார். அது போதுமாக இருந்தது.

பிறகு அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். அந்த வருஷமே நானும் வேலையை விட்டேன்.

மூன்றாம் மாதத்திலேயே எனக்கு மூச்சு முட்டியது. அவர் காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். கேட்டுக்கும் கிணற்றுக்கும் நடப்பார். பிரிட்ஜைத் திறந்து பார்ப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். நான் மிளகுப்பொடி வைக்கும் இடத்தில் உப்பு இருக்கும். நான் போடும் ஃபேனை அவர் அணைப்பார். அவர் அணைத்ததை நான் போடுவேன். சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போடுவதற்காவது ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வெப்ராளம் என்று ஒரு சொல் உண்டு. உட்கார்ந்தால் எழுந்திரு என்னும். எழுந்தால் எங்கே போவாய் என்று கேட்கும்.

நான் வெளியே போகக் காரணம் தேட ஆரம்பித்தேன். தையல் வகுப்பில் சேர்ந்து இரண்டாம் நாள் நின்றேன். ஒருநாள் காரணமே இல்லாமல் பஸ் ஏறி, வடசேரியில் மாறி, தோவாளைக்குப் போனேன். பூச்சந்தையில் நின்றேன். எல்லாரும் அவசரமாக எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவசரமாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருந்தது. அரைக் கிலோ கேந்திப்பூ வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"இது எதுக்கு?" என்று கேட்டார்.

"சர்ச்சுக்கு."

அன்று செவ்வாய்க்கிழமை. அந்தப் பூ முழுவதும் அடுக்களை மேடையில் கிடந்து வாடியது.

வியாழக்கிழமை

அவரும் வெளியே போய்க்கொண்டிருந்தார். வியாழக்கிழமைகளில் நாகர்கோவிலுக்கு, பேங்குக்கு என்று சொல்வார். வாரம் தவறாமல் பேங்கில் என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. அவர் இல்லாத அந்த ஏழெட்டு மணி நேரம் எனக்கும் வேண்டியிருந்தது.

ரோஸ்லெட் மைனிதான் சொன்னாள். "ஏட்டி லில்லி, பிள்ளைகளக் கூட்டிட்டு வட்டக்கோட்டைக்குப் போனோம். ஒம் மாப்பிள அங்க ஒத்தைல இருந்தாரு. கூப்பிட்டேன், கேக்கல."

ஐம்பத்தைந்து வயதானாலும் புத்தி போகிற வழி ஒன்றுதான். வேறு யாராவது இருக்கிறார்களா? இல்லை, எனக்குச் சொல்லாத நோய் ஏதாவதா? லேபில் வேலை பார்த்தவளுக்கு இரண்டாவது சந்தேகம்தான் பெரிது.

அடுத்த வியாழன், அவர் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். கன்னியாகுமரி போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். கடல் சத்தம் மதிலுக்கு அப்பால் கேட்டது. சுற்றுலா வந்தவர்கள் மதில்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கீழே, புல்தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு சின்னக் கம்பியால் மண்ணைக் குத்தி எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் பிடுங்கிப் போட்ட களை ஒரு சிறு குவியலாகக் கிடந்தது.

"என்ன செய்யுதிய?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

"கோரப்புல்லு கேறியிருக்கு. கெழங்கோட எடுக்கணும். மேல பறிச்சா ஒண்ணு நாலா வரும்."

"யாராவது எடுக்கச் சொன்னாவளா?"

"இல்ல."

மதிலோரம் நிழலில் உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னார். இருபத்தெட்டு வருஷமும் அவர் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டியிருக்கிறார். பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் உள்ள புல் பாய் விரித்ததுபோல இருக்க வேண்டுமாம், மூன்று மில்லிமீட்டர் உயரம். வெயில் ஏறி ஆட்கள் வருவதற்கு முன் வெட்டி முடித்து, மிஷினோடு கண்ணில் படாமல் ஒதுங்கிவிட வேண்டும்.

"சூப்பர்வைசர்னு சொன்னிய?"

"கடைசி ஆறு வருஷம் சூப்பர்வைசர் தான். அதுக்கு முன்ன வெட்டினேன். சூப்பர்வைசர் ஆன பொறவும் வெட்டினேன்."

எங்கள் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் சூப்பர்வைசர் என்றுதான் அச்சடித்தோம். எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு நேரம் தொடர்ந்து அவர் பேசி நான் கேட்டதில்லை. பேச்சு நின்றுவிடக் கூடாது என்றிருந்தது.

"நம்ம விளையில அப்படி ஒரு குழி உண்டாக்க முடியுமா?"

"எதுக்கு?"

"நான் அடிக்கிதேன்."

"நீயா?"

"பின்ன ரோஸ்லெட் மைனியா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. தையலை விட்டதுபோல இதையும் இரண்டாம் நாள் விட்டுவிடுவேன் என்றுதான் நினைத்திருப்பேன்.

பிடி

கிளப்பில் ஆடிவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்புகிற ஒரு வெள்ளைக்காரர் அவருக்கு ஒரு மட்டையும் ஒன்பது பந்துகளும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாராம். ஏழாம் நம்பர் மட்டை, நுனி இரும்பு. எங்கள் அலமாரிக்கு மேல், பெட்ஷீட்டில் சுற்றிக் கிடந்தது. நான் அதைக் குடைக்கம்பி என்று நினைத்துத் தூசி தட்டியிருக்கிறேன்.

விளையில் மரச்சீனியைப் பிடுங்கி மண்ணை நிரவினார். ஒரு மூலையில் புல் நட்டு, தினமும் இரண்டு வேளை வெள்ளம் ஊற்றினார். பால்பொடி டின் ஒன்றைக் குழியில் இறக்கினார். முட்டம் கடற்கரைக்குப் போய்ப் பழைய மீன்வலை வாங்கிவந்து இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டினார், பந்து ஊருக்குள் போகாமல் இருக்க. வலையில் நெத்திலி வாடை ஒரு மாதம் போகவில்லை. எங்கள் தெருப் பூனைகள் அத்தனையும் கோல்ஃப் பார்க்க வந்தன.

அந்த நாட்களில் அவர் பிரிட்ஜைத் திறக்கவே இல்லை.

நான் கற்றுக்கொண்ட கதைக்கு வருகிறேன். மட்டை வாழையில் சொருகிய மறுநாள், மட்டையை விடாமல் அடித்தேன், மண் பறந்தது. அதற்கடுத்த நாள் காற்றை அடித்தேன். ஒரு வாரம் இப்படியே. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சர்ச்சில் எழுந்து நிற்க முடியாமல், பாட்டுக்கு உட்கார்ந்தே பாடினேன்.

அவர் மட்டையை ஓங்கிக் காட்டமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அங்கே பயிற்சி கொடுக்கிறவர் சொல்லிக் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வார்.

"தலையத் தூக்காத. பந்து எங்கயும் ஓடிராது."

"தூக்காம எப்படித் தெரியும், போச்சா இல்லியாண்ணு?"

"நான் பாத்துச் சொல்லுதேன்."

முறுக்கவும் கூடாது, விடவும் கூடாது என்ற அந்தப் பிடிதான் பெரிய பாடாக இருந்தது. ஒருநாள் கொப்புளத்தில் துணி சுற்றியிருந்ததால் அழுத்த முடியவில்லை. லேபில் கண்ணாடி சிலைடை எடுப்பதுபோல விரல்களால் பிடித்தேன். முப்பது வருஷம் அப்படித்தானே பிடித்தேன். அழுத்தினால் உடையும், தளர்ந்தால் விழும். அந்தப் பிடியோடு மட்டையை வீசினேன்.

கையில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி காற்றைத்தான் அடித்தேன் என்று நினைத்து நிமிர்ந்தேன். வலை ஆடிக்கொண்டிருந்தது.

"கையில ஒண்ணும் தெரியல்லியே" என்றேன்.

"தெரியாட்டாதான் அடி செரி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பெண்ணுடைய கல்யாணத்திலும் நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு விட முடியவில்லை. பத்து அடித்தால் இரண்டு சரியாக விழும். அந்த இரண்டுக்காக மறுநாள் விடியக் காத்திருப்பேன். ஒருமுறை வலைக்கு மேலே போய் ரோஸ்லெட் மைனியின் தண்ணீர் டேங்கில் டம் என்று விழுந்தது. மைனி பந்தைத் திருப்பி எறிந்துவிட்டு, "அடுத்தது எப்பம்ணு சொல்லிட்டு அடி, பிள்ள" என்றாள்.

அடிப்பதற்கு நடுவே பேசினோம். ஒன்பது மணிக்கு முன் அவருக்குப் பசிக்காது என்பதும், மகள் பிறந்த சேதி வந்த அன்று அவர் ஏழாம் குழியை இரண்டு தடவை வெட்டினார் என்பதும் அப்போது தெரிந்துகொண்டவை. அவர் என்னைப் பற்றி என்னென்ன தெரிந்துகொண்டார் என்று கேட்கவில்லை.

ஒன்பது பந்து

இரண்டு மாதம் இப்படிப் போயிருக்கும். ஒரு மத்தியானம் ஜெனிலா போன் செய்தாள். என்னிடம் வேலை படித்த பெண். இப்போது நாகர்கோவிலில் ஒரு லேபில் இருக்கிறாள்.

"அக்கா, அண்ணன் மறுபடி வெளிய போறாவளா? காலம்பற இஞ்ச மெடிக்கலுக்கு வந்து ரெத்தம் குடுத்துட்டுப் போனாவ. நீங்க சொல்லவே இல்லியே."

"ஆமா மக்கா, சொல்ல அயத்துப் போச்சு" என்றேன்.

வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் என்பது கடைசிப் படி. ஆர்டர் வந்தபின்தான் அது. அப்படியென்றால் வலை கட்டும்போதே பேச்சு நடந்திருக்கிறது.

முதலில் என்ன தோன்றியது என்பதை எழுதாமல் விட்டால் இந்தத் தொடரை நான் எழுதவே வேண்டியதில்லை. போகட்டும் என்றுதான் தோன்றியது. வீடு திரும்பக் கிடைக்கும், மிளகுப்பொடி அதன் இடத்தில் இருக்கும். அடுத்த நிமிஷம், போகக் கூடாது என்று தோன்றியது. அன்று முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் அறை அறையாக நடந்தேன். அவர் வந்தார். பேங்கில் கூட்டம் என்றார்.

மறுநாள் காலை விளையில் ஒன்பது பந்தையும் வரிசையாக வைத்தேன். கோபத்தில் அடித்தால் பந்து ஆகாயத்துக்குப் போகும் என்று நினைப்போம். ஒன்றும் போகவில்லை. இரண்டு பந்து உருண்டது, ஒன்று என் காலிலேயே பட்டது. மற்றவையெல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"கை முறுகிட்டு. இன்னைக்கு வேண்டாம், வச்சிரு" என்றார்.

"மெடிக்கல்ல பாஸா?"

"யாரு சொன்னா?"

"ரெத்தம் எடுத்தவ. நான் படிச்சுக் குடுத்த பிள்ள."

"சொல்லணும்ணு தான் இருந்தேன்."

"எப்பம்? பிளேன்ல ஏறின பொறவா?"

அவர் தரையில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

"காலம்பற நாலு மணிக்கு முழிப்பு வருது லில்லி. எழும்பினா போறதுக்கு ஒரு எடம் இல்ல. அங்க எனக்குப் பதினெட்டுக் குழி உண்டு. இஞ்ச என்ன உண்டு? அறுவது வயசு வரைக்கும் வாண்ணு கூப்பிடுதாங்க. ரெண்டு வருசம்." பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "நான் இஞ்ச உனக்குத் தடசலாத்தான இருக்கேன்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நல்ல மனைவிகள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமா" என்றேன். "இந்த ரெண்டு மாசமா இல்ல."

அவர் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காததுபோல, பந்துகளைப் பொறுக்கினேன்.

"போயிட்டு வாங்க" என்றேன். "ஆனா ஒரு அடி அடிச்சிட்டுப் போங்க."

"என்னால முடியாது."

"ஏன்?"

"அங்க வருசத்துல ஒரு நாள் வேலக்காரங்களையும் அடிக்க விடுவாங்க. மொத வருசம் அடிச்சேன். பந்து போகல்ல. புல்லு ஒரு கையகலம் பேந்து போச்சு. நான் வளத்த புல்லு. எல்லாரும் சாப்பிடப் போனாங்க, நான் முட்டுக்குத்தி இருந்து அத ஒட்ட வச்சிட்டு இருந்தேன். பொறவு மட்டைய ஓங்கினதே இல்ல."

மட்டையை அவர் கையில் வைத்தேன். எழுந்து நின்றார், பந்தைப் பார்த்தார், மட்டையை ஓங்கினார். அது வேகமாக இறங்கிவந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. மறுபடி ஓங்கினார். மறுபடி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியாமல் சிரித்தேன். அவரும் சிரித்து, மட்டையை என்னிடமே தந்துவிட்டார்.

மூன்று வாரத்தில் போய்விட்டார்.

எங்கள் ஆறு மணி

எங்கள் ஆறு மணி அவருக்கு நாலரை. வேலைக்கு இறங்குமுன் வீடியோவில் கூப்பிடுவார். போனைத் தென்னை மூட்டில் சாய்த்து வைத்துவிட்டு நான் அடிப்பேன். தோள் இறங்கிவிட்டது என்பார், அவசரப்படுகிறாய் என்பார். முதலில் புல்லைக் காட்டு என்பார். நான் போனைத் தரையோடு பிடித்து நடப்பேன். "அங்க மஞ்சளிச்சிருக்கு, வெள்ளம் கூடிப்போச்சு." அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வீடு திரும்பக் கிடைத்தது. மிளகுப்பொடி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் பத்து மணிக்கு மேல் என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. இரண்டு தடவை கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தேன்.

அவர் போன ஐந்தாம் மாதம், ஒரு காலையில் நான் அடித்து முடித்த பிறகு சொன்னார்.

"மேனேஜர்ட்ட கேட்டேன். வீட்டுக்காரி விசிட் விசால வந்தா, என் லீவு நாள்ல காலம்பற ஒம்பது குழி அடிச்சுக்கோண்ணு சொல்லிட்டாரு."

"யாரு அடிக்க?"

"நீதான். நான் கூட நடக்கேன்."

"புல்லு பேந்து போகுமே?"

"போனாப் போகட்டு. அத ஒட்ட எனக்குத் தெரியும்."

இருபத்தெட்டு வருஷத்தில் 'வா' என்று அவர் ஒருமுறையும் சொன்னதில்லை. வரட்டுமா என்று நானும் கேட்டதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. அன்று மத்தியானமே கம்ப்யூட்டர் சென்டரில் போய் விண்ணப்பித்தேன்.

போன வாரம் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். மகள் வயதுக்காரர். ஆதார் அட்டையைப் பார்த்தார், ரோஸ்லெட் மைனியிடம் என்னைத் தெரியுமா என்று கேட்டார். மைனி, தேவையானதற்கும் அதிகமாகவே சொன்னாள். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தபடி அவர் கேட்டார்.

"அண்ணன் அங்கயா இருக்காவ? அவியளப் பாக்கத்தான போறிய?"

"கோல்ஃப் அடிக்கப் போறேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சிரிக்கிறேனா என்று பார்த்திருப்பார்.

"அப்பம் அண்ணனப் பாக்க இல்லியா?"

"அவியளையும் பாக்கணும்" என்றேன். "அவிய பாத்துச் சொன்னாத்தான், பந்து எங்க போச்சுண்ணு எனக்குத் தெரியும்."